கன்றுக்குட்டி முடிச்சு

வெர்போவா கிராமம்
14 மே 2001, திங்கள்

வால்யா,

நீங்கள் கிளம்பிப் போன பிறகு மூன்று வாளி வெந்நீர் ஊற்றித் தரையைக் கழுவினேன். இன்னும் நாற்றம் போகவில்லை. சென்ட், புகை, கருகிய கொழுப்பு, அதற்கு மேல் இன்னும் ஏதோ ஒன்று. அது என்ன என்று மதியம்தான் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே திராட்சைப்புதரின் மேல் யாரோ வாந்தி எடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் டிரைவராகத்தான் இருக்கும். இந்த வருஷம் அந்தச் செடியிலிருந்து ஒரு பழம்கூட என் வாய்க்குள் போகாது.

புதன்கிழமை தந்தி அடித்தாய், என் அலுவலக இயக்குநரும் மனைவியும் நகரத்துப் புகையிலிருந்து தப்பி இரண்டு நாள் நல்ல காற்று வாங்க வருகிறார்கள், வீட்டைப் பளிச்சென்று வை என்று. வைத்தேன். சுண்ணாம்பு அடித்தேன். கட்டிலை அவர்களுக்கு விட்டு நான் முற்றத்து அடுப்படியில் படுத்துக்கொண்டேன். அதற்கு அவர்கள் எனக்கு விட்டுப் போனதைக் கேள். பூத்து நின்ற செர்ரி மரத்தின் கிளையை வெட்டி இறைச்சி சுட்டிருக்கிறார்கள். விறகு அடுக்கு பத்தடியில் இருக்கிறது, அது கண்ணில் படவில்லை. கிணற்று வாளிக்குள் சிகரெட் துண்டுகள் ஊறிக் கிடந்தன. உன் இயக்குநர் பால் ஜாடியை அப்படியே தூக்கி வாய் வைத்துக் குடித்துவிட்டு மூடி வைத்திருக்கிறார். திறந்தால் பாலின் மேல் கொழுப்பு மிதக்கிறது. பன்றிக்கு ஊற்றினேன். கழிப்பறைக்குப் போகக் கூசியவர்கள் கொட்டகைக்குப் பின்னால் போய் வந்ததற்கு அடையாளமாக வெள்ளைக் காகிதங்கள் புல் முழுக்கக் கிடந்தன. நான்தான் குச்சியால் பொறுக்கினேன். பக்கத்து வீட்டுத் தெக்லியா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏண்டி மோத்ரியா, என் பன்னிங்களுக்குக்கூட ஒரு மூலைன்னு இருக்கு. இதுங்க எந்தக் கொட்டகையில வளந்துச்சுங்க?"

இதெல்லாம் போகட்டும். கழுவினால் போய்விடும்.

ஞாயிறு காலை நான் கோவிலுக்குப் போன நேரத்தில் யாரோ பெட்டியைத் திறந்து, நான் செத்தால் உடுத்திவிடச் சேர்த்து வைத்திருந்த சாவு மூட்டையை அவிழ்த்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையின் கழுத்தில் உதட்டுச் சாயம். மார்பில் கொழுப்புக் கறை. உயிர் போகும்போது கையில் பிடிக்க வைத்திருந்த மெழுகுவர்த்தி பாதி எரிந்திருக்கிறது. சவப்பெட்டி இறக்க வைத்திருந்த நீளத் துண்டுகளில் கை துடைத்திருக்கிறார்கள். ரோஜாப் பூப் போட்ட பச்சைக் கம்பளிச் சால்வையைக் காணவே காணோம்.

அந்தச் சால்வை என்னவென்று உனக்குத் தெரியும். அம்மாவும் நானும் சந்தையில் ஒரே நாளில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். அவள் அவளுடையதைக் கட்டிக்கொண்டு மண்ணுக்குள் போய்விட்டாள். மற்றதைக் கட்டிக்கொண்டு போனால்தான் அங்கே கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்காதே.

ஜூன் பதினெட்டாம் தேதி மாவட்ட ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி. ஞாயிறு சாப்பாட்டில் உன்னிடம் சொல்லலாம் என்றிருந்தேன். நீ இயக்குநரின் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாய். குறுக்கே பேச மனம் வரவில்லை.

பதினெட்டாம் தேதிக்குள் சால்வை என் கைக்கு வர வேண்டும். மூட்டையைத் திறந்தது யார் என்றும் எழுது. உன் மனைவியா?

மோத்ரியா

கீவ்
20 மே 2001

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன், அது என் தப்பு. சாப்பிட முடியவில்லை.

முதலில் ஆபரேஷன். பயப்படாதே. இப்போதெல்லாம் கட்டி எடுப்பது பல் பிடுங்குவது மாதிரி. என் அலுவலகத்தில் ஒருத்திக்கு எடுத்தார்கள், பத்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள்.

இனி நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். நீ அசிங்கத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக் கழிப்பறையை நீ முகர்ந்து எத்தனை வருஷம் ஆகிறது? இயக்குநர் மனைவி ரிம்மா அம்மாள் கதவைத் திறந்தார், திறந்த வேகத்தில் மூடினார், வந்து காரில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே புழு நெளிகிறது. ஈ ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. அந்த ஈதான் நேராக எழுந்து வந்து நீ அறுத்து வைத்த உப்புப் பன்றிக்கொழுப்பின் மேல் உட்கார்ந்தது, இயக்குநர் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ போர்ஷ்ட் சூப் ஊற்றும்போது மூக்கைப் புறங்கையால் துடைத்தாய். அதையும் பார்த்தார். வரெனிகிக் கொழுக்கட்டையில் ஒரு நரைமுடி. நான்தான் யாருக்கும் தெரியாமல் அதை என் வாய்க்குள் போட்டு விழுங்கினேன். சத்தியமாக விழுங்கினேன், அக்கா. கை கழுவ ஒரு குழாய் கிடையாது. வாசலில் அந்தத் தகரக் கைகழுவி, அதன் அடியில் இருக்கும் குச்சியைத் தட்டினால் நாலு சொட்டு வரும், அதில் எதைக் கழுவுவது? துண்டில் துடைத்தார்கள் என்றால் வேறு எதில் துடைப்பார்கள்?

நான் எதற்காக அவர்களைக் கூட்டி வந்தேன் என்று உனக்குத் தெரியும். பிரிவுத் தலைவர் இடம் காலியாகிறது. நானும் பிலிக்கும்தான் போட்டி. பிலிக்குக்குக் கிராமத்தில் வீடு கிடையாது. "வாலென்டின், எங்களுக்கு ஓட்டல் வேண்டாம், நிஜமான கிராமம் வேணும்" என்று இயக்குநர் தன் வாயால் கேட்டார். நான் முடியாது என்றா சொல்வேன்? நீயோ அவர்கள் கிளம்பும்போது ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாய்.

மூட்டையைத் திறந்தது என் மனைவியா என்று கேட்டாயே, ஆமாம், இனெஸ்ஸா செய்ததுதான். நகரத்தில் பிறந்தவள், அவளுக்கு என்ன தெரியும்? ரிம்மா அம்மாள் பழங்காலத்து உடுப்பு பார்க்க ஆசைப்பட்டார், இவள் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறாள். நான் அப்போது ஆற்றங்கரையில் இருந்தேன். சால்வையை அவர் ஆசையாகக் கேட்டார், இவள் கொடுத்துவிட்டாள். கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? அதுவும் இந்த மாதத்தில். வேறு வாங்கித் தருகிறேன், இதைவிட நல்லதாக.

வால்யா

வெர்போவா
26 மே

வால்யா,

நான் மூக்கைத் துடைத்தது உண்மை. காலையிலிருந்து உன் விருந்தாளிகளுக்காகக் குதிரைமுள்ளங்கி துருவினேன், அந்தக் காரத்தில் மூக்கு ஒழுகியது. கழிப்பறையும் நாறுகிறது. அது கழிப்பறை. இந்த வீட்டில் நாற வேண்டிய இடம் அது ஒன்றுதான் இருந்தது, நீங்கள் வரும் வரைக்கும்.

யார் திறந்தது என்று கேட்டேனே, தெரியாமல் கேட்கவில்லை. நீ என்ன எழுதுகிறாய் என்று பார்ப்பதற்காகக் கேட்டேன். பார்த்துவிட்டேன்.

மூட்டை திரும்பக் கட்டியிருந்தது, வால்யா. எந்த முடிச்சில் என்று தெரியுமா? அப்பா கன்றுக்குட்டியைக் கட்டும் முடிச்சில். இழுத்தால் இறுகும், ஓரத்தை உள்ளே தள்ளினால் பொலபொலவென்று அவிழும். அப்பா உயிரோடு இருந்தபோது அதைப் போடத் தெரிந்தவர்கள் மூன்று பேர். இப்போது இரண்டு பேர். உன் மனைவிக்குத் தன் ஷூ நாடாவைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாது, நான் பார்த்திருக்கிறேன்.

அவிழ்த்துக் கூத்தடித்துவிட்டு, அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று பழையபடி அழகாக முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாய். எனக்குக் குமட்டுவது அதுதான். சாயமும் கறையும் இல்லை. அந்த அழகான முடிச்சு.

உனக்குத் தெரியாதா அது என்ன மூட்டை என்று? மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் மூட்டையை அவிழ்த்தது யார்? குளிப்பாட்ட அயல்வீட்டுப் பெண்கள் வந்தார்கள், மூட்டை அவிழ்ப்பது வீட்டு ஆளின் வேலை என்று தெக்லியா சொன்னாள், என்னால் முடியவில்லை, நீதான் அவிழ்த்தாய். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாய். அன்றைக்கே நான் முடிவு செய்தேன், என்னுடையதையும் இவன்தான் அவிழ்ப்பான் என்று. எனக்குப் பிள்ளை இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? நீயோ நான் சாகும்வரைகூடப் பொறுக்கவில்லை.

சால்வை வேண்டும். வேறு சால்வை வேண்டாம்.

மோத்ரியா

கீவ்
1 ஜூன்

அக்கா,

முடிச்சை வைத்து ஒருவனைத் தூக்கில் போடுவாயா? யார் வேண்டுமானாலும் போடக்கூடிய முடிச்சுதான் அது. டிரைவர் கிராமத்துப் பையன், அவன் கட்டியிருக்கலாம்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்புகிறேன். பச்சைதான், ரோஜாதான், சுத்தமான கம்பளி. பெட்டியும் அழகாக இருக்கிறது. கடைக்காரி இதை மணப்பெண்கள்கூட வாங்குகிறார்கள் என்றாள்.

இருபதாம் தேதி இயக்குநர் கையெழுத்துப் போடுகிறார். அதுவரைக்கும் என்னை விடு. அதன் பிறகு நானே போய்க் கேட்கிறேன், சத்தியம். இரண்டு நாள்தான் வித்தியாசம்.

இனெஸ்ஸா உன் கடிதங்களைப் படித்துவிட்டாள். கடைசிக் கடிதம் நான் வீட்டில் இல்லாதபோது வந்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. உப்பை எடு என்றுகூடச் சொல்வதில்லை, எழுந்து போய்த் தானே எடுத்துக்கொள்கிறாள்.

வால்யா

வெர்போவா
7 ஜூன்

உன் பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்த்தேன், நைலான். தொட்டால் மயிர் சிலிர்க்கிறது. அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, 'மென்மையாகத் துவைக்கவும்' என்று. மண்ணுக்குள் யார் வந்து எனக்கு மென்மையாகத் துவைப்பார்கள்?

இரண்டு நாள்தான் வித்தியாசம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தரம் படித்தேன். பதினெட்டுக்கும் இருபதுக்கும் இரண்டு நாள்தான். கணக்கு சரி.

உன்னைத் தலைமுழுகிவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்.

தெக்லியாவிடம் மூட்டையைக் கொடுக்கப் போகிறேன். அவள் அவிழ்க்கட்டும். நீ வருவதென்றால் மற்றவர்களோடு சேர்ந்து நின்று பார்த்துவிட்டுப் போ.

மோ.

கீவ்
13 ஜூன் 2001, புதன்

அக்கா,

இந்தக் கடிதமும் சால்வையும் பேருந்து டிரைவர் பனாஸ் கையில் வருகின்றன. நானே வந்து கொடுக்க முகமில்லை.

நான்தான் அவிழ்த்தேன். ஆற்றங்கரையில் இல்லை. எல்லோரும் அறையில் இருந்தோம், குடித்திருந்தோம். ரிம்மா சலிப்பாக இருக்கிறது என்றாள். "பழைய காலத்து உடுப்பு ஏதாச்சும் இருக்கா வாலென்டின்? போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை. என் கண் பெட்டிக்குப் போனது, கை தானாகப் போனது. இனெஸ்ஸா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் வால்யா, அது என்னன்னு எனக்கே தெரியும்" என்றாள். நகரத்தில் பிறந்தவள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் போய்க் காரில் உட்கார்ந்தாள். நான் உனக்கு எழுதினேனே, கழிப்பறையைப் பார்த்துவிட்டு ரிம்மா காரில் போய் உட்கார்ந்தாள் என்று, உட்கார்ந்தது இவள்.

இயக்குநர் உன் சட்டையைத் தன் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். பொத்தான் போடவில்லை, வயிறு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ரிம்மா அதன் கழுத்தில் முத்தம் கொடுத்தாள். மெழுகுவர்த்தியை வோட்கா பாட்டிலில் செருகி நான்தான் ஏற்றினேன். துண்டுகளை மடியில் விரித்துக்கொண்டு இறைச்சி தின்றார்கள். எனக்கு இரண்டாவது இறைச்சித் துண்டு இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்து வாந்தி எடுத்தேன். திராட்சைப்புதரில் இருந்தது என்னுடையது, டிரைவருடையது இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் சிரித்தேன். அவர்கள் தூங்கிய பிறகு எல்லாவற்றையும் மடித்து வைத்தேன். சால்வையை ரிம்மா கழற்றவில்லை, அதோடுதான் தூங்கினாள். கை பழக்கத்தில் முடிச்சுப் போட்டது. நான் யோசிக்கக்கூட இல்லை.

உன் ஏழாம் தேதிக் கடிதம் திங்கள்கிழமை வந்தது. இனெஸ்ஸா அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகப் பேசினாள். "நீ செத்தா உன் துணிய நான் தொடமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

நேற்று இயக்குநர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததே ரிம்மாதான், தோளில் உன் சால்வை. அதைக் கட்டிக்கொண்டுதான் பிறந்தநாள் விருந்துக்குப் போனாளாம், எல்லோரும் கேட்டார்களாம். உள்ளே கூப்பிட்டுத் தேநீர் வைத்தாள். நான் உட்காரவில்லை.

"அம்மா, அந்தச் சால்வை திரும்ப வேணும்."

"குடுத்தத வாங்குவாங்களா? என்னப்பா நீ, சின்னப்புள்ள மாதிரி."

"அது எங்க அக்காவோட சாவுத் துணி."

"என்ன துணி?"

"புதைக்கும்போது கட்டிவிடச் சொல்லி வெச்சிருந்தது. அன்னிக்குப் போட்டுக்கிட்ட எல்லாமே அதுதான்."

அவள் கத்தவில்லை. சால்வையை இரண்டு விரலால் தூக்கிக் கீழே போட்டாள், செத்த எலியைப் போடுவது மாதிரி. குளியலறைக்கு ஓடினாள். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வந்து அலமாரியிலிருந்து வோட்காவை எடுத்துக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டாள், கழுத்திலும் தேய்த்துக்கொண்டாள். இயக்குநர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இது என்னன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எனக்கு மாட்டிவிட்டியா?"

"ஆமா."

"சீ" என்றார். அவர் மேல் எனக்கு இத்தனை வருஷம் வராத மரியாதை அந்த ஒரு நொடியில் வந்தது.

குப்பைப் பையில் போட்டுத்தான் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு மெட்ரோவில் வந்தேன். இன்று காலை அறிவிப்புப் பலகையில் பிலிக்கின் பெயர் ஒட்டியிருந்தது. இருபதாம் தேதி வரைக்கும்கூட அவர் பொறுக்கவில்லை.

பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வரலாமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நீ சொன்னால் வருகிறேன். மூட்டையைத் தெக்லியாவிடமே கொடு. அது நியாயம்தான்.

வால்யா

வெர்போவா
17 ஜூன் 2001, ஞாயிறு

வால்யா,

பனாஸ் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, உள்ள என்ன, சென்ட் கடையா? பஸ்ஸு முழுக்க மணக்குது, பொம்பளைங்க எல்லாம் என்னையே மொறைக்கிறாங்க" என்றான். இரண்டு நாள் கொடியில் போட்டேன். வெயில் பட்டது, நேற்றுத் தூறலும் பட்டது. இன்னும் கொஞ்சம் மணக்கிறது. முகர்ந்தால் அந்த ரிம்மாவின் கழுத்து ஞாபகம் வருகிறது. ஆனால் அங்கே அம்மா மூக்கால் தேட மாட்டாள், கண்ணால்தான் தேடுவாள். போதும்.

சட்டையைச் சாம்பல்தண்ணீரில் நான்கு தரம் வேகவைத்தேன். சாயம் போய்விட்டது. கொழுப்புக் கறை போகவில்லை, மார்பில் ஒரு காசு அளவுக்கு நிற்கிறது. கையை மடித்து வைத்தால் மறைந்துவிடும். எப்படியும் கையை அங்கேதான் வைப்பார்கள். மெழுகுவர்த்தி பாதிதான் இருக்கிறது. புதிது வாங்கவில்லை. நான் எதிலும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறவள் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். படித்தபோது உன் மேல் அருவருப்பு போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை. திராட்சைப்புதர் விஷயம் மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உன் வயிற்றுக்காவது வெட்கம் இருந்திருக்கிறது. இனெஸ்ஸாவிடம் சொல், அவள் ஷூ நாடாவைப் பற்றி நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று.

மூட்டையைத் தெக்லியாவிடம் கொடுக்கத்தான் இன்று காலை கட்ட உட்கார்ந்தேன். அவளுக்குத் தெரிந்த சாதாரண முடிச்சாகப் போடுவோம் என்று போட்டேன். தூக்கினால் நழுவுகிறது. அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். மூன்றாம் தரம் பேசிக்கொண்டே கட்டினேன், பார்த்தால் கை அப்பாவின் முடிச்சைப் போட்டு முடித்திருக்கிறது. தெக்லியா இழுத்துப் பார்த்தாள், இன்னும் இறுகியது. பல்லால் கடித்துப் பார்த்தாள். "இத நான் எப்படிடி அவுப்பேன்? கத்தரிதான் போடணும்" என்றாள். சாவு மூட்டையில் கத்தரி படக் கூடாது, உனக்குத் தெரியும். இன்னொரு தரம் அவிழ்த்துக் கட்ட எனக்கு உடம்பில் தெம்பில்லை. வலி இன்று அதிகம்.

ஆகையால் அது அப்படியே பெட்டியில் இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வராதே, வந்து அழுதால் எனக்குப் பிடிக்காது. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது நான் இருந்தால், ஜூலையில் பூண்டு பிடுங்க வா. தனியாக வா, அல்லது இனெஸ்ஸாவோடு வா. இல்லாவிட்டால் தெக்லியா தந்தி அடிப்பாள். அப்போதும் நீதான் வர வேண்டும், வேறு ஆள் கிடையாது.

வாசலில் தகரக் கைகழுவியில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். பக்கத்தில் சோப்பு. நாலு சொட்டு நாலு சொட்டாகத்தான் வரும் என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை, நின்று கழுவு. நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே போய் அவிழ்.

உன் அக்கா
மோத்ரியா